எண்பத்து மூன்று குதிரைகள்

“நாப்பத்தொம்பது வருஷமா என் வாழ்த்து அட்டை புது வருஷத்து ஒண்ணாந்தேதி காலையில போய்ச் சேராம இருந்ததில்ல. உங்கப்பா செத்த வருஷம் மட்டுந்தான் அனுப்பல. துக்க வீட்டுக்காரங்க அனுப்பக்கூடாது, அனுப்பல. இப்ப யாருடா செத்துப்போனது? உன் அச்சுப் பொட்டியா?”

“பொட்டி சாகலம்மா. அது நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இருக்கிறது எதுக்கு ஊமையா உக்காந்திருக்கு?”

“யாரோ எதையோ பண்ணி வச்சிருக்காங்க.”

நெமோதோ வீட்டில் நொபுதாகா ‘யாரோ’ என்று சொன்னால் அது அவன் மனைவி தமாகி என்று பொருள். அவள் அப்போது நடையில் முக்காலி மேல் நின்று விளக்கு மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் இருபத்து மூன்று, சக்கரவர்த்தியின் பிறந்த நாள் விடுமுறை, எல்லா வீட்டிலும் வருடக் கடைசிப் பெரிய துப்புரவு. டோக்கியோவுக்குப் பக்கத்து ஊரான அகெயோவின் அந்தத் தெருவில் பதினெட்டு வீட்டு சன்னல்களும் திறந்திருந்தபடியால் சண்டை எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டது. யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. சன்னலைத் துடைக்கும் கை கொஞ்சம் மெதுவாகப் போனது, அவ்வளவுதான்.

“நீ என்ன பேசாம நிக்கிற தமாகி?” என்று மாமியார் கினுயோ இந்தப் பக்கம் திரும்பினாள். “உன் புருஷன் உன்னைத்தான் சொல்றான்.”

“நான் எதையும் தொடல அத்தை.”

தொட்டிருந்தாள். ஆனால் அது அவளுக்கு அந்த நிமிடம் நினைவில் இல்லை.

அச்சுப்பொறி இருந்தது மாடிப்படிக்குக் கீழே, துடைப்பம் வைக்க வேண்டிய இடத்தில். அதற்குப் பக்கத்தில் நொபுதாகாவின் கணினி. பம்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருபத்தெட்டு வருட வேலை அவனுக்கு. வீட்டிலும் அதே வேலைதான். பழைய விண்டோஸுக்கு ஆயுள் முடியப்போகிறது என்று செய்தி வந்ததுமே அதைத் துடைத்தெறிந்துவிட்டு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக்கொண்டான். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளெல்லாம் நம்மை வேவு பார்க்கிறது என்று தெருவில் அகப்பட்டவரிடமெல்லாம் சொன்னான். சொல்லிவிட்டு, வீட்டில் யார் எந்தத் தேதியில் எத்தனை பக்கம் அச்சடித்தார்கள் என்று மாதாமாதம் பட்டியல் எடுத்து குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினான். மாடியில் தமாகியின் மடிக்கணினி, மகள் சாயோவின் மடிக்கணினி, எதிலிருந்து எது அனுப்பினாலும் அவனுடைய கணினி வழியாகத்தான் அச்சுப்பொறிக்குப் போக வேண்டும். நேராகப் போகும் வழியை அவனே அடைத்து வைத்திருந்தான்.

கினுயோவின் கவலை நியாயமானது. கை நடுக்கம் குளிர் ஏற ஏறக் கூடுமாதலால் நவம்பரிலேயே எண்பத்து நான்கு அட்டைகளுக்கும் தூரிகையால் முகவரி எழுதி முடித்திருந்தாள். மறுபக்கத்தில் பாயும் குதிரை ஒன்றும் வாழ்த்தும் அச்சாக வேண்டும். பன்னிரண்டு விலங்குச் சுற்றில் பிறக்கப்போவது குதிரை வருடம். இருபத்தைந்தாம் தேதிக்குள் பெட்டியில் போட்டால்தான் முதல் தேதி காலையில் போய்ச் சேரும். அட்டைகளை மரியாதை வரிசைப்படி அடுக்கி, அச்சுப்பொறியின் தட்டில் வைத்து மூன்று நாளாகிறது. முதல் அட்டை எப்போதும் குடியிருப்போர் சங்கத் தலைவரின் மனைவி இசோபே அம்மாளுக்கு. எதிர்வீடுதான். இருந்தாலும் கையில் கொடுத்தால் அது வாழ்த்து அட்டை ஆகாது.

நொபுதாகா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கறுப்புத் திரையில் எதையோ தட்டினான். சாயோ கையில் கோப்பையுடன் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நான்கு வாரம்.

“இதோ வந்துட்டா,” என்றான் நொபுதாகா. “வீட்ல பொட்டி இருக்கும்போது கடையில பக்கத்துக்குப் பத்து யென் குடுத்து வினாத்தாள் அச்சடிக்கிற மகாராணி. ரெண்டு மாசமா பட்டியல்ல உன் பேரே இல்ல. மத்தவங்க பேரும் இல்ல, சிக்கனமா இருக்கீங்கன்னு விட்டுட்டேன்.”

“வரிசையில நிக்கப் பிடிக்கலப்பா.”

“எந்த வரிசை? நாலு பேர் வீட்ல என்ன வரிசை?”

சாயோ வெந்நீர் பிடிக்கப் போனாள்.

“ஆ,” என்றான் நொபுதாகா சற்று நேரத்தில். துப்பறிந்தவனின் திருப்தி அந்த ஒற்றை எழுத்தில் இருந்தது. “முன்னாடி ஒண்ணு மாட்டிக்கிட்டு நிக்குது. அதுக்குப் பின்னாடி வந்ததெல்லாம் நின்னுபோச்சு. அம்மா, நீ குதிரையை ஏழு தடவ அமுக்கியிருக்க.”

“ஒரு தடவ அமுக்கி வரலேன்னா மறுபடி அமுக்க மாட்டாங்களா?”

“ஆறை எடுத்துட்டேன். இப்ப முன்னாடி நிக்கிறது… எண் இருநூத்திப் பன்னண்டு. அக்டோபர் பத்தொம்பது, சனிக்கிழமை. அனுப்பினது,” கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மனைவியைப் பார்த்தான், “தமாகி.”

முக்காலி மேல் நின்றவள் கீழே இறங்கினாள். இப்போது நினைவு வந்துவிட்டது.

அக்டோபரில் அவன் தொழிற்சாலை வேலையாக நகோயா போயிருந்த சனிக்கிழமை, அவள் நகராட்சியின் இணையப் பக்கத்திலிருந்து விவாகரத்துப் படிவத்தை இறக்கியிருந்தாள். எப்படி நிரப்புவது என்று பார்க்க திரையிலேயே எல்லாப் பெயரும் தட்டினாள். அந்தப் படிவம் ஏ3 தாளில், அதாவது சாதாரணத் தாள் இரண்டைச் சேர்த்து வைத்த அளவில்தான் இருக்க வேண்டும். வீட்டு அச்சுப்பொறிக்குள் அது நுழையாது. நினைவுக் குச்சியில் சேமித்துக் கடைக்குக் கொண்டுபோகலாம் என்று இருந்தவள், சேமிப்பதற்குப் பதிலாக அச்சிடு என்பதை அமுக்கிவிட்டாள். படிக்கட்டில் உருண்டு விழாத குறையாகக் கீழே ஓடிவந்து அச்சுப்பொறியின் முன் பத்து நிமிடம் நின்றாள். ஒன்றும் வரவில்லை. காற்றோடு போயிற்று என்று விட்டுவிட்டாள். பிறகு ரயில் நிலையத்துக்கு அந்தப் புறம் இருக்கும் கடைக்குப் போய், பெரிய தாளில் அச்சடித்து, கிமோனோ வைக்கும் இழுப்பறையின் அடியில் ஒளித்து வைத்தாள். பக்கத்துக் கடையில் இசோபே அம்மாளின் தங்கை மகன் வேலை பார்க்கிறான், அங்கே போகவில்லை. இவ்வளவு எச்சரிக்கையான பெண்.

மார்ச் வரைக்கும் அந்த இழுப்பறை திறக்கக்கூடாது. சாயோவின் தேர்வுகள் எல்லாம் முடிந்து முடிவு வந்த பிறகு, மகளை எதிரே உட்காரவைத்து, தன் வாயால், தன் வார்த்தைகளில் சொல்ல வேண்டும். இருபத்தொரு வருடக் குடித்தனத்தில் தமாகி தனக்கென்று கேட்டுக்கொண்டது அந்த மூன்று மாதம்தான்.

“அது தேவையில்லங்க,” என்றாள். குரல் எப்படியோ ஒழுங்காக வந்தது. “அழிச்சிடுங்க.”

“என்னது அது?”

“சமையல் குறிப்பு. புத்தாண்டுப் பெட்டிச் சாப்பாட்டுக்கு.”

“ஏ3 தாள்லயா?”

“படம் பெருசா இருந்துச்சு.”

“இவ பண்ற கறுப்பு சோயாவுக்கு ஏ3 தாள் வேணுமாம்,” என்றாள் கினுயோ, அடியில் கணப்பு வைத்த சூட்டுமேசைக்குள் கால் நீட்டியபடி. “தபால்தலை அளவு போதுமே.”

“அழிக்க முடியாது,” என்றான் நொபுதாகா. “அழிச்சா ஏன் நின்னுச்சுன்னு தெரியாமப் போயிடும். காரணம் தெரியாம மூடுற கோப்பு மறுபடி வரும். எங்க ஆலையில—”

“எனக்குத்தான் வேணாம்னு சொல்றேனே.”

“வேணுமா வேணாமாங்கிறது உன் பிரச்சனை. ஏன் நின்னுச்சுங்கிறது என் பிரச்சனை.”

அந்தக் கறுப்புத் திரையில் அவனுக்குத் தெரிந்தது எண், அனுப்பியவர் பெயர், தேதி, தாள் அளவு. கோப்பின் தலைப்போ உள்ளே இருப்பதோ அதில் தெரியாது. பார்க்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. அவனுடைய குணமே அது. தாளைத்தான் பார்ப்பான், எழுத்தைப் பார்க்க மாட்டான்.

அவன் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து தமாகி தூசி உறிஞ்சியை எடுத்தாள். பெரிய துப்புரவு நாளில் தூசி உறிஞ்சியை யார் சந்தேகிப்பார்கள்? அதன் மூக்கைப் படிக்குக் கீழே நுழைத்து இரண்டு இழு இழுத்தாள். கணினியின் மின்கம்பி பிடுங்கிக்கொண்டு வந்தது. திரை கறுத்தது. 

“ஐயோ, பட்டுடுச்சுங்க.”

அவன் கோபப்படவில்லை.  கம்பியைச் செருகிவிட்டு, கை கட்டிக்கொண்டு, திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுவதைப் பேரப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு மறுபடி தட்டினான்.

“பாத்தியா? இருநூத்திப் பன்னண்டு அப்படியே முன்னாடி நிக்குது. கரண்ட் போனாலும் மறக்காது. இதுக்குத்தான் நான் லினக்ஸ் போட்டேன்.”

சாயோ சமையலறை வாசலில் நின்று கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். 

“கண்டுபிடிச்சுட்டேன்,” என்றான் நொபுதாகா. “பெரிய தாள் கேட்டிருக்கு, தட்டுல இல்ல. உடனே வரிசைய மூடிட்டு உக்காந்துடுச்சு. பொட்டி மேல தப்பே இல்ல. இனிமே எது வந்தாலும், தட்டுல என்ன தாள் இருக்கோ அந்த அளவுக்குச் சுருக்கி அடின்னு எழுதிடறேன். எந்தக் காலத்துலயும் நிக்காது.”

“தட்டுல என் அட்டை இருக்குடா.”

“ஒரு அட்டைதானம்மா. சோதனைக்கு.”

“வேணாங்க,” என்றாள் தமாகி. “வேற தாள் வச்சாவது—”

ஓர் எழுத்தைத் தட்டினான். இரண்டு மாத ஊமை தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

அச்சுப்பொறி முதல் அட்டையை உள்ளே இழுத்து, நிதானமாக, வரி வரியாக எழுதி வெளியே நீட்டியது. உள்ளங்கை அகல அட்டையில், அரை அளவுக்கும் கீழாகச் சுருங்கி, விவாகரத்துப் படிவம். கட்டங்கள் எல்லாம் இருந்தன. கணவன் பெயர், மனைவி பெயர், பிரிந்த பின் குழந்தை யார் பொறுப்பு என்ற கட்டத்தில் மனைவி பக்கத்தில் சாயோவின் பெயர். எழுத்து எறும்பு அளவு. ஆனால் மேலே இருந்த தலைப்பு அந்தச் சுருக்கத்திலும் தெளிவாகத்தான் இருந்தது.

அட்டை முகம் மேலாக விழுந்தது. நொபுதாகா குனிந்து பார்த்தான். கினுயோ சூட்டுமேசையிலிருந்து எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். சாயோ இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். தமாகி மட்டும் பார்க்கவில்லை. மற்ற மூன்று முகங்களையும் பார்த்தாள்.

யாராவது கையை நீட்டி அதை எடுத்திருக்கலாம். எடுத்தவர் அதைப் பார்த்தவராகிவிடுவார். பார்த்தவர் பேச வேண்டும். ஆகவே யாரும் எடுக்கவில்லை. அதற்குள் குதிரை வந்துவிட்டது. வழி திறந்த உற்சாகத்தில் அச்சுப்பொறி ஒவ்வொன்றாகக் குதிரைகளை வெளியே தள்ளியது. முதல் குதிரை தலைப்பை மறைத்தது. இரண்டாவது குதிரை அதன் மேல். மூன்றாவது. நான்கு பேரும் நின்று, எண்பத்து மூன்று குதிரைகள் விழுந்து முடியும் வரை வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு அச்சுப்பொறி நின்று, தாள் இல்லை என்று விளக்கை மினுக்கியது.

“ஒரு குதிரை பாக்கி இருக்கு,” என்றான் நொபுதாகா.

“அட்டை இல்ல,” என்றாள் கினுயோ.

“அப்ப அதை அழிச்சிடறேன்,” என்றான். இதை மட்டும் காரணம் கேட்காமல் அழித்தான்.

நான்கு மணிக்கு அவன் கொல்லைப்புறத்தில் கணப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது தமாகி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“மார்ச்ல சொல்லலாம்னு இருந்தேன்.”

“ஏன் மார்ச்?”

“சாயோ பரீட்சை.”

அவன் எண்ணெய் அளவு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முள் நிரம்பியதைக் காட்டியதும் மூடியைத் திருகினான். “அப்ப மார்ச்ல பேசிக்கலாம்,” என்றான். உள்ளே போகும்போது திரும்பி, “ஏ3 வேணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா வேற பொட்டி வாங்கியிருப்பேனே,” என்றான். கிண்டல் இல்லை. உண்மையாகவே சொன்னான். தமாகிக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

மறுநாள் காலை கினுயோ அட்டைக் கட்டை ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்து மகன் கையில் கொடுத்தாள். அவன் வழக்கம்போல எண்ணினான். எண்பத்து நான்கு. கணக்குச் சரி. தபால் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். கட்டின் அடியிலிருந்த அட்டையை எடுத்துவிட்டு அம்மா வேறொன்று எழுதி வைத்திருப்பாள் என்று அவன் நினைத்தான். மருமகள் எடுத்திருப்பாள் என்று அம்மா நினைத்தாள். அத்தை கிழித்திருப்பாள் என்று தமாகி நினைத்தாள். ஒருவரை ஒருவர் கேட்க ஒரு வாய் வேண்டும். அந்த வீட்டில் அன்று அது யாரிடமும் இல்லை.

முதல் தேதி காலை பதினோரு மணிக்கு இசோபே அம்மாள் தன் வீட்டுக் கூடத்தில் ஓர் அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். புதிர்ப்போட்டியா என்று கேட்டார் அவள் கணவர். அவள் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தாள்.

பண்பான பெண்மணி, மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் தேதி ஒரு பை ஆரஞ்சுடன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“கினுயோக்கா, இந்த வருஷம் எனக்குக் குதிரை வரல. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பாக்க வந்தேன்.”

கினுயோவுக்கு உடனே புரிந்தது. ஆனால் நாற்பத்தொன்பது வருட வாழ்த்து அட்டைக்காரி, தடுமாறவில்லை. “எங்க வீட்டுக்கு இந்த வருஷம் ஒரு குதிரை பத்தல,” என்றாள்.

“பரவாயில்ல. கையெழுத்து எப்பவும் போல முத்து முத்தா இருந்துச்சு, முகவரிப் பக்கம்.”

இசோபே அம்மாள் இதை இரண்டே பேரிடம்தான் சொன்னாள். ஏழாம் தேதி வழக்கப்படி மூலிகைக் கஞ்சி குடிக்கும்போது பதினெட்டு வீட்டிலும் அதுதான் பேச்சு. சங்கத்தின் சுற்றறிக்கை அட்டையைத் தமாகி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனபோது அந்த வீட்டுக்காரி அதை இரண்டு கையாலும் வாங்கி, “குளிர் அதிகம், உடம்பைப் பாத்துக்கங்க,” என்றாள். துக்க வீட்டில் பேசும் குரல்.

சாயோவின் முதல் தேர்வு பதினெட்டாம் தேதி. அதிகாலையில் வாசலில் உட்கார்ந்து செருப்புப் பெட்டியில் முதுகைச் சாய்த்தபடி காலணி கட்டிக்கொண்டிருந்தாள். தமாகி சாப்பாட்டுப் பெட்டியைத் துணியில் முடிந்து கொடுத்தாள். நான்கு வாரமாக அவள் மகளிடம் அந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேர்வு முடியட்டும் என்றுதான்.

“மார்ச் வரைக்கும் பொறுக்க வேணாம்மா,” என்றாள் சாயோ காலணிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு. “எனக்கு அக்டோபர்லயே தெரியும்.”

“எப்படி?”

“இங்கிலீஷ் வினாத்தாள் அச்சடிக்கப் போனேன். வரல. என்னுதை எடுத்துடலாம்னு என் மடிக்கணினியில வரிசையத் திறந்தேன். முன்னாடி அது நின்னுச்சு, விவாகரத்துப் படிவம்னு கோப்புப் பேரோட.”

கடைக்குப் போன பத்துப் பத்து யென்னெல்லாம் எதற்கு என்று தமாகிக்கு உடனே பிடிபட்டது. “அழிச்சிருக்கலாமே, கண்ணு.”

“அழிச்சா நீ தேடுவேன்னு நெனச்சேன். தேடினா, எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிடும்.” முடிச்சை இறுக்கினாள். “அதுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு அட்டையிலதான் பாத்தேன். என் பேர உன் பக்கத்துல போட்டிருந்த.”

“ஆமா. நீ என் கூட…”

“கேக்கவே இல்லையே.”

“பரீட்சை முடியட்டும்னு—”

“அப்பாவும் இப்படித்தான். எல்லாம் அவர் பொட்டி வழியாப் போகணும். உனக்கும் ஒரு பொட்டி இருக்கு, அவ்வளவுதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. போய்வருகிறேன் என்று வழக்கமாகச் சொல்வதையும் சொல்லிவிட்டுத்தான் போனாள். தமாகி வாசலில் நின்றாள். எதிர்வீட்டு மாடித் திரைச்சீலை அசைந்தது. அவள் பார்க்காதது போலக் கதவைச் சாத்தினாள்.

மார்ச்சில் சாயோ தேறினாள். டோக்கியோவிலும் இடம் கிடைத்திருந்தது, அம்மாவோடு இருந்துகொண்டு போய்வரலாம். அதை வேண்டாம் என்றுவிட்டு ஹொக்காய்தோவில் ஒபிஹிரோவைத் தேர்ந்தெடுத்தாள். வரைபடத்தில் அதற்கு மேல் தூரமாக அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது.

இழுப்பறையின் அடியிலிருந்து பெரிய தாள் வெளியே வந்தது. அதற்கு இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஒன்று கினுயோ போட்டாள். “எம் மகனுக்கு எதிரா இல்ல, என் எழுத்து நல்லா இருக்கும்னு போடறேன்,” என்று சொல்லித் தூரிகையை எடுத்தாள். மார்ச் மாதமாதலால் கை நடுங்கவில்லை. இன்னொன்று இசோபே அம்மாள். எப்படியும் படித்தாயிற்று, புதிதாக ஒருவரிடம் காட்டுவானேன் என்று தமாகியே போய்க் கேட்டாள்.

தமாகி தகாசாகிக்குக் குடிபோய் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்தாள், இன்னும் அங்கேதான். நொபுதாகா மூன்று வருடம் கழித்து, சங்கக் கட்டடத்தில் அவன் நடத்திய கணினி வகுப்புக்கு வந்த மணமுறிவுக்காரி ஒருத்தியை மணந்தான். அவள் சொன்னதைக் கேட்டு ஏ3 அச்சுப்பொறியும் வாங்கினான். கினுயோ முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். சாயோ ஒபிஹிரோவிலேயே ஒரு மாட்டுப்பண்ணைக்காரரின் மகனைக் கட்டிக்கொண்டாள். திருமணப் பதிவுக்கும் அதே அளவுத் தாள்தான், அதே போல இரண்டு சாட்சிகள்தான். பண்ணையில் பால் வண்டி ஓட்டுகிறவரையும் அவர் மனைவியையும் போடச் சொன்னாளாம். அம்மாவையும் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை. பதிவு முடிந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் ஓர் அட்டை வந்தது, அச்சடித்தது.